கடிபடாதவரின் இரத்தம்

நான் வேலை பார்த்த ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கிற பிள்ளை ஒருத்தி போன மாதம் தொலைபேசியில் கேட்டாள். "அன்ரி, உங்கட கையெழுத்தில ஒரு செய்முறைத் தாள் இருக்கு. அதில ஆறாவது படியில, முயல் சீரம் கலந்து அரை மணித்தியாலம் வைக்கச் சொல்லியிருக்கு. இப்ப வாற அன்டிபொடிக்கு முயலே தேவையில்லை, எல்லாம் உயிர்க்கலங்களில செய்யிறது. அந்தப் படியை விடலாமோ?"

விட்டும் செய், விடாமலும் செய், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்றேன். அவளுக்கு முகம் விழுந்திருக்கும், குரலில் தெரிந்தது. வயதானவர்களிடம் கேட்டால் ஓம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கிடைக்கும் என்று இந்தப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தப் படி எப்படி வந்தது என்று எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்தேன். சொன்ன வாய்க்காக மூன்று வாரமாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் இரண்டு வருடம் ஆய்வுகூடப் பயிற்சி முடித்தவள் நான். பயிற்சியில் சளியும் சிறுநீரும் பார்த்ததற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. யுத்தம் தொடங்கிச் சில வருடங்களில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில் அறை எடுத்திருந்தேன். காலையில் பஸ் காலி வீதியில் மூன்று சோதனைச் சாவடியில் நிற்கும். இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். வேலைக்குப் போய்ச் சேரும்போதே பாதி நாள் வேலை செய்த அலுப்பு வந்துவிடும்.

எங்கள் வேலை பாம்புக்கடி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் இரத்தத்தை வைத்து, புடையன் என்று சனம் சொல்லும் கண்ணாடி விரியனின் விஷம் உள்ளே போயிருக்கிறதா, போயிருந்தால் எவ்வளவு என்று சொல்லும் ஒரு சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதற்கு முயல் வேண்டும். கொல்லாத அளவுக்கு மிகச் சிறிதாக விஷத்தை முயலுக்கு ஏற்றுவோம். சில வாரத்தில் அதன் இரத்தம் விஷத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைச் செய்துவிடும். பாடப்புத்தகம் அதைப் பிறபொருளெதிரி என்னும். நாங்கள் வாய் வலிக்காமல் அன்டிபொடி என்போம்.

பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியின் அடியில் அந்த முயல் அன்டிபொடியை ஒட்டவைப்போம். அதன்மேல் நோயாளியின் சீரம், அதாவது இரத்தத்தில் உறைந்தது போக மிஞ்சும் தெளிந்த நீர். அதன்மேல் மறுபடியும் முயல் அன்டிபொடி. இந்தமுறை நிறம் காட்டும் பொருள் பூட்டியது. நடுவில் விஷம் இருந்தால் மேலேயுள்ளதும் கீழேயுள்ளதும் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் போகாது. கடைசியில் ஒரு துளி அமிலம் விட்டால் குழி மஞ்சளாகும். விஷம் இல்லையென்றால் தண்ணீர்போல் கிடக்கும்.

முதல் வருடத்தில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. ஏழாம் இலக்க முயல் செத்து நெடுநாளாகிவிட்டது. அதன் சீரம் மட்டும் ஃபிரீசரில் இருந்தது. எடுத்து உருக்கித் தட்டில் விட்டால் அந்த நிமிடமே விஷத்தைப் பிடித்தது. முயல் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் பயம் மட்டும் குழாயில் விழித்திருக்கிறதே என்று நினைப்பேன். அந்தக் குழாயைக் கையில் எடுக்கும்போது உள்ளங்கை கூசும். ஆராய்ச்சிக்காரி இப்படி எழுதலாமா என்றால், கூசியது கூசியதுதான்.

எங்கள் தலைவி டொக்டர் அமரகோன். மெலிந்த உருவம், பருத்திச் சேலை, கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் ஒரு பென்சில். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. முடிவுத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேலிருந்து கீழே பார்ப்பார், கீழிருந்து மேலே பார்ப்பார், பிறகு "ஆயெத்" என்பார். சிங்களத்தில் 'மறுபடியும்' என்று அர்த்தம். நன்றாக வந்தாலும் ஆயெத், கெட்டுப்போனாலும் ஆயெத். எங்களுக்குள் அவருக்குப் பெயரே அதுதான்.

மாதிரி வந்தவுடன் பெயர்மேல் பிளாஸ்டர் ஒட்டி இலக்கம் மட்டும் எழுதிவிடுவார். எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் அவருடைய கைப்பையில் இருக்கும். கைப்பை அவர் தோளில் இருக்கும். சாப்பிடப் போனாலும் அப்படித்தான். புதிய முயல் வந்தால், விஷம் ஏற்றுவதற்கு முன்பே காதின் ஓரத்து நரம்பிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துத் தனியாக வைக்கச் சொல்வார். "இது இன்னும் ஒன்றும் தெரியாத இரத்தம். தெரிந்த இரத்தம் பொய் சொல்கிறதா என்று பார்க்க இது வேண்டும்" என்பார். இந்த அன்டிபொடியை நம்பலாம் மிஸ் என்று நான் ஒருநாள் வாய் தவறிச் சொன்னேன். "நம்புவதற்கு விகாரை இருக்கிறது, கோவில் இருக்கிறது" என்றார்.

ஒவ்வொரு தட்டிலும் கடிபட்டவர் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் சீரமும், கடிபடாதவர்களின் சீரமும் இருக்க வேண்டும். கடிபடாதவர்களுக்கு எங்கே போவது? கையை நீட்டு என்றால் நீட்டுகிறவர்கள் நாங்கள்தான். நான், என்னோடு வேலை செய்த நிமல், தட்டச்சுச் செய்யும் பெண், வாசல் காவலாளி. மாதம் ஒருமுறை கை நீட்டுவோம். நிமலின் குழியிலும் என் குழியிலும் எப்போதும் இலேசான மஞ்சள் இருக்கும். கடிபடாத மனிதன் என்றால் அவ்வளவு மஞ்சள் இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே போனால்தான் விஷம் என்று கோடு கிழித்தோம்.

முயல் வீட்டைப் பார்த்தவர் சந்தனம். அப்பா காலத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பம். மட்டக்குளியில் தொடர்வீட்டில் இருந்தார். பன்னிரண்டு வருடமாக முயல் தூக்குகிறவர். அறிமுகமில்லாத ஆள் உள்ளே போனால் முயல்கள் பின்காலால் கூட்டை அடிக்கும். சந்தனம் போனால் ஒரு சத்தம் இருக்காது. அவர் கைகளில் முயல் கீறிய கோடுகள் பழையதும் புதியதுமாக நிறைந்திருக்கும்.

ஒரு தடவை நகரத்தில் குண்டு வெடித்து வீதிகளை மூடிவிட்டார்கள். தட்டச்சுப் பெண்ணும் காவலாளியும் வரவில்லை. டொக்டர் அமரகோன் கண்டியில் இருந்தார். கடிபடாத இரத்தம் போதவில்லை. சந்தனத்தைக் கூப்பிட்டோம். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பின்னேரம் தட்டைப் பார்த்தபோது சந்தனத்தின் நான்கு குழியும் மஞ்சள். இலேசான மஞ்சள் இல்லை. பொலன்னறுவை வயலில் கடிபட்டுச் சிறுநீரகம் போன விவசாயியின் குழிக்குப் பக்கத்தில் வைத்தால் எது எதென்று தெரியாது. அடுத்த நாள் மறுபடி செய்தோம். மறுபடியும் அதே மஞ்சள். முன்கூடத்தில் சந்தனம் தரை கூட்டிக்கொண்டிருந்தார். சாகவேண்டிய அளவு விஷத்தோடு ஒருவர் எங்களுக்கு முன்னால் குனிந்து தரை கூட்டுகிறார். நானும் நிமலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னங்கம்மா, நம்ம ரத்தம் நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார் சந்தனம்.

நிமல் சிரித்துக்கொண்டே தன் அரைகுறைத் தமிழில், "சந்தனத்தைப் பாம்பு கடிச்சா பாம்புதான் சாகும்" என்றான். சந்தனமும் சிரித்தார். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"நெசமாவே நம்ம ஒடம்புல வெசம் இருக்குதுங்களா? சின்னப் புள்ளையில கொழுந்து மலையில ஒண்ணு கொத்துச்சுங்க. அது உள்ளுக்கே தங்கிருமுங்களா?"

நான் பிப்பெட்டில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "பிளேட் அப்பிடித்தான் சொல்லுது, சந்தனம்" என்றேன்.

அந்தக் குழாயில் 'ச–4' என்று எழுதி ஃபிரீசரின் அடியில் போட்டோம். குறிப்பேட்டில் எழுதவில்லை. ஏதோ அழுக்குப் பட்டிருக்கும் என்று எங்களுக்கே ஒரு சமாதானம். உண்மைக் காரணம், தட்டு சுத்தமாக இருந்தால் டொக்டர் ஒரு ஆயெத்தோடு விட்டுவிடுவார் என்ற ஆசை. ஒவ்வாத ஒரு பதிலை இரண்டு பேராகச் சேர்ந்து ஒளித்து வைத்தோம்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு திங்கட்கிழமை சந்தனம் வேலைக்கு வரவில்லை. முயல்கள் காலையிலிருந்தே கூட்டை அடித்தன. பத்து மணிக்கு அவருடைய மனைவி லெச்சுமி வாசலில் வந்து நின்றார். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை நிறுத்தி இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பதுளை முகவரி, குடியிருப்பது மட்டக்குளியில். ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். "அவங்க வேலை செய்ற எடத்துல எழுதிக் குடுத்தா விட்டுருவாங்கன்னு சொல்றாங்கம்மா" என்றார். டொக்டர் அமரகோன் கடிதம் எழுதினார், தானே எடுத்துக்கொண்டு போனார். அப்படி ஒருவரைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அந்த வாரம் முழுவதும் முயல்களுக்கு நான்தான் தீனி போட்டேன். உள்ளே கால் வைத்தவுடன் எல்லாக் கூட்டிலும் ஒரேயடியாகத் தட்டல் தொடங்கும். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினாலும் நிற்காது. பட்டப்பகலில் அந்த முற்றத்தைக் கடக்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சட்ட வைத்தியரிடமிருந்து ஒரு மாதிரி வந்தது. ஆற்றுமுகத்துப் புல்லுக்குள் கிடந்த ஓர் உடலின் இரத்தம். வழக்கம்போல டொக்டர் பிளாஸ்டர் ஒட்டி, நாற்பத்தொன்று என்று எழுதித் தந்தார். யாருடையது என்று எனக்குத் தெரியாது. செய்தேன். மஞ்சள். தாளில் 'விஷம் உண்டு' என்று எழுதிக் கொண்டுபோனேன்.

அவர் கைப்பையைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். அந்த அறையில் அவர் எனக்குக் கதிரை காட்டியது அதுதான் முதல் தடவை. "இது சந்தனம்" என்றார்.

கொண்டுபோனவர்கள் இப்போது கதையை மாற்றிவிட்டார்கள். கொண்டுபோனது உண்மை, வழியில் தப்பி ஓடினான், புல்லுக்குள் ஒளிந்தான், புடையன் கடித்துச் செத்தான். காலில் இரண்டு புள்ளி இருக்கிறதாம். வேறு காயங்களும் இருக்கின்றன. அவை விழுந்து எழும்பியதில் வந்தவையாம். எங்கள் தாளில் 'விஷம் உண்டு' என்று இருந்தால் கோப்பு மூடப்படும். சந்தனத்தைக் கொன்றது பாம்பு என்றாகிவிடும். பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒளித்ததை அப்போதுதான் சொன்னேன். "மிஸ், சந்தனம் உயிரோடு இருக்கும்போதே அவருடைய இரத்தம் மஞ்சளாகியது. நாங்கள் எழுதவில்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "அந்தக் குழாய் எங்கே?"

ஃபிரீசரின் அடியில் பனி மூடிக் கிடந்தது. உருக்கி, நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். ஒரே மனிதர். இடது பக்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிரித்தபடி கொடுத்த இரத்தம். வலது பக்கம் புல்லுக்குள் கிடந்த உடம்பிலிருந்து எடுத்தது, கறுத்துப்போயிருந்தது. இரண்டும் தட்டில் ஒரே மஞ்சளைக் காட்டின. ஒன்றரை வருடம் கழித்து நடக்கப்போகிற கடியை அந்தப் பழைய இரத்தம் முன்கூட்டியே அறிந்து வைத்திருந்ததுபோல் எனக்குப் பட்டது.

டொக்டர் அமரகோன் எங்கள் எல்லோருடைய பழைய குழாய்களையும் எடுக்கச் சொன்னார். மஞ்சள் கூடினதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தச் சொன்னார். சந்தனம், பிறகு நிமல், பிறகு நான். தட்டச்சுப் பெண்ணும் காவலாளியும் தண்ணீர். அவர் நெடுநேரம் அந்த வரிசையையே பார்த்தார். "முயல் வீட்டுக்குள் யார் அதிகம் போகிறார்கள்?" என்று கேட்டார்.

அதே வரிசைதான். முயலின் மயிர், உமிழ்நீர், கீறல் எல்லாம் வருடக்கணக்கில் எங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது. எங்கள் இரத்தம் முயலுக்கு எதிராக அன்டிபொடி செய்து வைத்திருக்கிறது. நாங்கள் முயலுக்குச் செய்ததை முயல் ஓசைப்படாமல் எங்களுக்குச் செய்திருந்தது. தட்டின் மேலேயும் கீழேயும் இருப்பது முயல் சரக்குத்தானே; எங்கள் இரத்தம் இரண்டையும் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. நடுவில் விஷமே தேவைப்படவில்லை. என் கையைச் சொறிய வேண்டும்போல் இருந்தது.

"இப்போது நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

"விஷம் இல்லை என்று வரவேண்டும் மிஸ்."

"அப்படியானால் தட்டைத் தொட வேண்டாம். பாம்பு கடித்தும் இருக்கலாம். எனக்கும் உங்களுக்கும் தெரியாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி.

நிமல் செய்தான். விஷம் ஏற்றாத முயலின் சீரத்தை, ஒன்றும் தெரியாத அந்த இரத்தத்தை, ஒவ்வொரு மாதிரியிலும் கலந்து அரை மணித்தியாலம் வைப்பது. முயலைத் தேடுகிற இரத்தம் அந்த முயலைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடும். பிறகு தட்டில் ஊற்றினால், மஞ்சள் வந்தால் அது விஷத்தின் மஞ்சள். விவசாயி, ச–4, நாற்பத்தொன்று, நிமல், நான். எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டர் ஒட்டி இலக்கத்தை மாற்றினார் டொக்டர்.

அந்த அரை மணித்தியாலத்தில்தான் லெச்சுமி வந்தார். சந்தனத்தின் இரத்தம் அவர் வேலை செய்த இடத்துக்கே போயிருக்கிறது என்று சவச்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் வழியே அவரையும், மேசையில் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். முயல் வீட்டில் தட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசியில் அமிலத்தை விட்டதும் ஒரேயொரு மாதிரிதான் மஞ்சளாகியது; டொக்டர் பட்டியலைப் பார்த்தார், அது விவசாயி. மற்ற எல்லாம் தண்ணீராகக் கிடந்தன. நிமலும் நானும் இல்லாமல் போனோம். உயிரோடிருந்த சந்தனமும் செத்த சந்தனமும் ஒன்றுபோலத் தெளிந்திருந்தார்கள். டொக்டர் குனிந்து பார்த்தார். "ஆயெத்" என்றார். இரண்டாம் முறையும் அப்படியே வந்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் அறிக்கையில் இரண்டு முடிவையும் எழுதினார். முதல் முடிவு ஏன் பிழை என்றும் எழுதினார். ஒருவர் தொலைபேசியில் வந்து முதல் முடிவு மட்டும் போதுமே என்று மரியாதையாகக் கேட்டார். "மறுபடி கேட்டபோது இரத்தம் வேறு பதில் சொன்னது" என்று டொக்டர் சொல்லி வைத்துவிட்டார். அச்சுக்குப் போயிருந்த எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எங்கள் இரத்தத்தை வைத்து உயர்த்திக் கிழித்த கோட்டினால், கொஞ்ச விஷம் ஏறியவர்களைக் கடிபடவில்லை என்று சொல்லியிருக்கிறோம். அந்த முடிவுகளையெல்லாம் தோண்டியெடுத்து ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினார். திட்டத்துக்கு வந்த உதவி நின்றுபோனது. சந்தனத்தின் மரணப் பத்திரத்தில் பாம்பு என்று எழுத முடியவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள். விசாரணை திறந்தே இருந்தது. எங்களால் முடிந்தது அவ்வளவுதான். அது பெரிதென்று நான் சொல்லமாட்டேன். ஆறாவது படி அந்த வாரம்தான் தாளில் ஏறியது.

அன்று வாசலுக்குப் போய் லெச்சுமியிடம் சொல்ல வேண்டியவள் நானாக இருந்தேன். டொக்டருக்குத் தமிழ் போதாது. வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பாம்பு கடிக்கேல்லை. இரத்தத்தில விஷம் இல்லை. அப்பிடித்தான் எழுதியிருக்கிறம்" என்றேன்.

அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார்.

"இப்ப இல்லீங்களா, எப்பவுமே இல்லீங்களாம்மா?"

"எப்பவும் இல்லை. முந்திச் சொன்னது எங்கட பிழை."

"நீங்க சொன்னதுக்கு மறு மாசம் எங்களுக்குப் புள்ள பொறந்துச்சுங்க. பொம்பளப் புள்ள. அவரு கிட்டவே வரமாட்டாரு. தனிப் பாய், தனிக் கோப்பை. எங்கிட்ட வெசம் இருக்குது, புள்ளைக்கு ஒட்டிக்கிரும், லெப்ல அம்மா சொல்லிருச்சுன்னு சொல்லுவாரு. அது கையை நீட்டும். இவரு தூரத்துல நின்னு பாப்பாரு." என் முகத்தைப் பார்த்தார். "அப்ப அந்த மனுசன் புள்ளையத் தூக்கியிருக்கலாமுங்களா?"

எனக்கு எழும்பி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

"ஓம்" என்றேன். "தூக்கியிருக்கலாம்."